மின் கிட்டார் பாடுவது எப்படி?

வீணைக் கம்பியை ஒருமுறை மீட்டினால் அந்த நாதம் சில விநாடிகளில் தேய்ந்து மறைகிறது. மின் கிட்டாரின் கம்பியும் அப்படித்தான். ஆனால் 'பிங்க் ஃபிளாய்டு' என்னும் லண்டன் இசைக்குழு 1979-ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி வால்' இசைத்தட்டில் 'கம்ஃபர்ட்டபிளி நம்ப்' என்றொரு பாட்டு உண்டு. அதன் கடைசியில் டேவிட் கில்மோர் வாசிக்கும் கிட்டாரைக் கேட்பவர்கள், இது கம்பி வாத்தியமா, யாரேனும் பாடுகிறார்களா என்று ஐயுறுவர். சுரம் தேயாமல், வில்லால் இழைத்தது போல் நீண்டுகொண்டே போகிறது. இதன் இரகசியம் யாது?

பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் மாணவியர் மூவராகிய நாங்கள், அரையாண்டு விடுமுறையில் அந்த நாதத்தை நாமே உண்டாக்கிப் பார்ப்பதென்று துணிந்தோம். எங்களுள் ஒருத்தியின் அண்ணன் தம் கிட்டாரை எட்டு நாட்களுக்கு இரவல் தந்தார். கம்பி அறுந்தால் புதுக் கம்பி வாங்கித் தரவேண்டும் என்பது ஒப்பந்தம். (அதே இசைத்தட்டில் பள்ளிக்கூடத்தைச் சாடும் பாட்டொன்றும் உண்டு. பாடியவர்கள் லண்டன் இஸ்லிங்டன் கிரீன் பள்ளிப் பிள்ளைகள். அதைப் பற்றி இம்மலரில் விரித்து எழுதாதிருப்பதே எங்களுக்கு நல்லது!)

கில்மோர் வாசித்தது கறுப்பு நிற ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். 1970-இல் நியூயார்க்கில் வாங்கியது. இவ்வகைக் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் மூன்று 'பிக்அப்' இருக்கும். பிக்அப் என்பது, காந்தத் துண்டுகளைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய சுருள்தான். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. சுருளில் மிகச்சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. ஐந்து மதிப்பெண்ணுக்காக நாம் உருப்போடும் பாடம் இங்கே பாட்டாகிறது!

அடுத்தது 'பிக் மஃப்' என்னும் சிறிய பெட்டி. நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் செய்தது. காலால் அழுத்தி இயக்குவதால் இவற்றைப் பெடல் என்பர். நாதம் நீள்வதன் சூட்சுமம் பெரும்பாலும் இதற்குள் இருக்கிறது. நம் பள்ளி வாசலில் தோட்டக்காரத் தாத்தா வேலிச் செடியை ஒரே மட்டமாக நறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பெட்டி மின் அலையை முதலில் மிகமிக உயரமாக வளர்த்து, பிறகு அதன் தலையையும் அடியையும் டையோடுகளால் அவ்வாறே நறுக்கிவிடுகிறது. கம்பியின் அதிர்வு பாதியாகக் குறைந்தாலும், வளர்க்கப்பட்ட அலை நறுக்கும் மட்டத்துக்கு மேலேயே நிற்பதால், வெளியே வரும் உயரம் மாறுவதில்லை. ஆகவே சுரம் தேய்வதாகக் காதுக்குத் தெரியாது. நறுக்கப்பட்ட அலை வளைவாக இராமல் சதுரத்தை நெருங்குவதால், மூல சுரத்தின் 3 மடங்கு, 5 மடங்கு அதிர்வெண்களும் கூடப் பிறக்கின்றன. அந்த அடர்த்தியான, சற்றுக் கரகரத்த குரல் அதனால்தான்.

இதற்குப் பின்னால் எதிரொலி. 1970-களின் தொடக்கத்தில் கில்மோர் இத்தாலி நாட்டு 'பின்சன் எக்கோரெக்' கருவியை வைத்திருந்தார். அதில் சுழலும் காந்த வட்டு ஒன்று. ஒரு முனை ஒலியைப் பதிக்க, தள்ளித் தள்ளி இருக்கும் வேறு முனைகள் அதைப் படித்து எதிரொலியாக்கும். இங்கேதான் நாங்கள் முதல் தவறு செய்தோம். கணினி மென்பொருளில் எதிரொலியை முன்னும், பிக் மஃப் போன்ற பெடலைப் பின்னும் வைத்துவிட்டோம். கேட்டால் ஒரே கூழ்! ஒரு நாள் முழுதும் கிட்டாரைக் குறை சொன்னோம். பிறகுதான் வேலிச் செடி நினைவுக்கு வந்தது. மெல்லிய எதிரொலிகளையும் பெட்டி மூல சுரத்தின் உயரத்துக்கே வளர்த்து நறுக்கியிருக்கிறது. வரிசையை மாற்றியதும் சுரம் முன்னே நின்றது. எதிரொலி அதன் பின்னே அடக்கமாக வந்தது.

இன்னொரு தொல்லை, ஓயாத இரைச்சல். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் பிக்அப் பிடித்துக்கொள்ளும். பெடல் அதையும் வளர்த்துவிடும். பழைய சோக் வைத்த குழல்விளக்கை அணைத்து, கணினியை விட்டு விலகி உட்கார்ந்ததும் பாதி குறைந்தது. கில்மோர் பயன்படுத்திய ஹைவாட் ஆம்ப்ளிஃபயரோ 100 வாட் சக்தியுள்ள வால்வுக் கருவி. கரகரப்பைப் பெடலிடம் விட்டுவிட்டு, தான் தெளிவாக, உரக்க ஒலிப்பதே அதன் வேலை. அதை வீட்டில் வைத்திருந்தால் தெருவே திரண்டு வந்திருக்கும்! அதற்கும் மென்பொருளையே நம்பினோம்.

ஐந்தாம் நாள் நாதம் ஏறக்குறைய அமைந்துவிட்டது. ஆனால் பாட்டு வரவில்லை. கில்மோர் கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுத்து, கீழ்ச் சுரத்திலிருந்து மேல் சுரத்துக்கு ஏறுகிறார். ஏறியபின் மெல்ல அசைக்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஸ-விலிருந்து சதுச்ருதி ரி-க்கு ஏற அதிர்வெண் சுமார் 12 சதவீதம் கூடவேண்டும். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகையால் இழுவிசை சுமார் 26 சதவீதம் கூடவேண்டும். இத்தனையையும் ஒரு விரல் தாங்கி, சரியான இடத்தில் நிற்கவேண்டும். எங்களுள் இருவர் எப்போதும் சுருதிக்குக் கீழேயே நின்றோம். வீணை பயிலும் தோழி மட்டும் மூன்றாம் முயற்சியில் எட்டிப் பிடித்தாள். அவள் கையில் அதே கிட்டார், அதே பெடல் வேறொன்றாகக் கேட்டது. எங்களுக்குச் சிறிது பொறாமைதான்!

ஒன்று சொல்லவேண்டும். அந்தப் பதிவுகூட ஒரே மூச்சில் வாசித்ததன்று. கில்மோர் ஐந்தாறு முறை வாசித்துப் பதிந்து, ஒவ்வொன்றிலும் சிறந்த பகுதிகளைக் குறித்துக்கொண்டு, அவற்றை இணைத்தே அமைத்தார். இதை அறிந்தபின் எங்கள் துக்கம் பாதி தீர்ந்தது.

அந்தக் கறுப்புக் கிட்டார் 2019 ஜூனில் நியூயார்க்கில் ஏலம் போயிற்று. விலை 39,75,000 டாலர். அன்று தம் கிட்டார்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை விற்ற கில்மோர், கிடைத்த தொகையைச் சுற்றுச்சூழலைக் காக்க வழக்காடும் 'கிளையண்ட் எர்த்' அமைப்புக்கு அளித்துவிட்டார். 2024-இல் வேறொரு கிட்டாரில் அதே பாட்டை மேடையில் வாசித்தார்.

எங்கள் கிட்டார் எட்டாம் நாள் மாலை அண்ணனிடம் திரும்பியது. மெல்லிய கம்பி ஏழாம் நாளே அறுந்திருந்தது. அறுத்தவர் யார் என்பதை மூவரும் வெளியிடுவதாக இல்லை. விலையை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தோம்.