தக்காளியின் பருமன் எங்கே முடிவாகிறது? செடியின் நுனியில் இயங்கும் 'ஏற்பி கைனேஸ்'

பங்காருபேட்டை: கர்நாடக மாநிலம் கோலார் மாவட்டத்தில் விளையும் தக்காளி, கோலார் சந்தை வழியாகத் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களுக்குச் செல்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிப் பயிரிடும் பங்காருபேட்டை விவசாயிக்குக் கிடைக்கும் விலையில், பழத்தின் பருமனுக்கும் கெட்டித்தன்மைக்கும் பங்குண்டு. அந்தப் பருமனின் ஒரு பகுதி, பூ மலர்வதற்கு முன்பே செடியின் குருத்து நுனியில் முடிவாகிவிடுகிறது.

செல்லின் வாசலில் நிற்கும் புரதம்

செல்லின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒருவகைப் புரதமே ஏற்பி கைனேஸ். இதன் வெளிப்பகுதி, அண்டைச் செல்கள் அனுப்பும் தகவலைப் பெறுகிறது. உட்பகுதி, பிற புரதங்களில் பாஸ்பேட்டை இணைத்து அத்தகவலை உள்ளே கடத்துகிறது. அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியில் மட்டும் இத்தகைய புரதங்கள் 600-க்கும் மேல் உள்ளன. அவற்றுள் ஒன்றான 'கிளாவாட்டா 1' மரபணு 1997-ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்டது.

குருத்து நுனியில் உள்ள மூலச்செல்களைப் பெருக்குவது 'வுஷெல்' என்ற புரதம். மூலச்செல்கள் பெருகியதும் 'கிளாவாட்டா 3' என்ற சிறு புரதத்தை வெளியிடுகின்றன. அதைக் கிளாவாட்டா 1 பெற்றுக்கொண்டு, வுஷெல் உற்பத்தியைக் குறைக்கச் செய்கிறது. இவ்வாறு ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் நுனியின் அளவு சீராக இருக்கிறது.

தடை தளர்ந்தால் பெரிய பழம்

இத்தடை தளர்ந்தால் நுனி பெருக்கிறது, பூவில் சூலக அறைகள் கூடுகின்றன, பழமும் பெரிதாகிறது. காட்டுத் தக்காளியில் பெரும்பாலும் 2 விதையறைகளே உண்டு. தக்காளியைப் பயிராக்கிய காலத்தில், கிளாவாட்டா 3 மரபணுவின் செயல்பாட்டைக் குறைக்கும் ஒரு மாற்றம் தேர்ந்தெடுக்கப்பட்டதே, 8-க்கும் மேற்பட்ட அறைகள் கொண்ட பெரிய ரகங்கள் உருவாக ஒரு காரணம். இதை அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் தலைமையிலான குழு 2015-இல் விளக்கியது. கிளாவாட்டா 3 புரதத்தில் சர்க்கரை மூலக்கூறுகள் இணையாவிட்டாலும் தகவல் பலவீனமாகும் என்று அதே ஆய்வு காட்டியது. தடை முற்றிலும் நீங்கினால், பூக்களும் பழங்களும் உருக்குலைகின்றன.

விவசாயிக்கு என்ன பயன்?

விதையறைகளின் எண்ணிக்கை பூ உருவாகும்போதே அமைந்துவிடுவதால், பின்னர் இடும் உரத்தால் அதைக் கூட்ட இயலாது. காய்த்த பிறகு நீரும் சத்தும் செல்களை விரியச் செய்ய உதவும். எனவே பருமனுக்கான முதல் முடிவு விதைத் தேர்விலேயே இருக்கிறது.

கிளாவாட்டா 3 மரபணுவை இயக்கும் பகுதியில் மரபணு திருத்தம் செய்து, பல அளவுகளில் பழம் தரும் செடிகளை அதே ஆய்வகம் 2017-இல் உருவாக்கிக் காட்டியது. வேற்று உயிரின மரபணு சேர்க்கப்படாத திருத்தப் பயிர்களுக்கு, 1989-ஆம் ஆண்டு விதிகளின் சில கட்டுப்பாடுகளிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்களித்தது. 2025 மே மாதம், மரபணு திருத்தப்பட்ட 2 நெல் ரகங்கள் நாட்டில் அறிவிக்கப்பட்டன. தக்காளியிலும் இவ்வழி திறக்குமானால், பருமனையும் கெட்டித்தன்மையையும் ஒருசேரப் பேணும் ரகமே நெடுந்தூரம் சரக்கு அனுப்பும் கோலார் பகுதிக்குப் பயன்படும்.