கடல் கடந்து வைத்தியம் பயின்றோரின் பரீட்சை

ருஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய தேசங்களில் ஐந்தாறு வருஷம் வைத்தியம் வாசித்துப் பட்டத்துடன் திரும்பும் வாலிபர்களின் தொகை நமது திருச்சி ஜில்லாவிலும் பெருகி வருகிறது. உக்ரேன் யுத்தத்தால் 2022-இல் உயிர் பிழைத்து ஓடி வந்தவர்களும் உண்டு. தில்லைநகரிலோ ஸ்ரீரங்கத்து உத்தர வீதியிலோ தாயார் இவர்களை 'டாக்டர்' என்றே அழைக்கிறாள். சட்டத்தின் கண்ணுக்கு மட்டும் இவர்கள் இன்னும் டாக்டர்களல்லர். நிலத்தை விற்றோ கடன் பட்டோ அனுப்பிய தகப்பனாருக்கு இவ்விஷயம் பெரும்பாலும் பிள்ளை திரும்பிய பிறகே விளங்குகிறது.

2001-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி, அந்நிய நாட்டுப் பட்டம் பெற்ற இந்தியப் பிரஜை இங்கே பதிவு பெற வேண்டுமானால் தனிப் பரீட்சையொன்றில் தேறியாக வேண்டும். 2002 முதல் தேசியப் பரீட்சை போர்டார் இதை வருஷத்துக்கு இரு முறை நடத்தி வருகின்றனர். சுப்ரீம் கோர்ட்டும் இதனைச் செல்லுமென்று கூறிவிட்டது. 2019-ஆம் வருஷத்து மருத்துவக் கமிஷன் சட்டம் இதற்குப் பதிலாக 'நெக்ஸ்ட்' என்ற பொதுப் பரீட்சையை விதித்தது. ஆயின் அதை அமுலுக்குக் கொண்டுவரும் தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. அதனை எதிர்பார்த்து இதனைக் கைவிட்டுக் காத்திருப்பது விவேகமன்று.

இதை அநீதியென்று சிலர் முறையிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. 1930-இல் பிரிட்டிஷ் மெடிகல் கவுன்சில் நமது சர்வகலாசாலைப் பட்டங்களை ஏற்க மறுத்தது. பிரசவ வைத்தியப் பயிற்சி போதாதென்பது நெடுநாளாக அவர்கள் சொல்லி வந்த குறை. தேசம் கொதித்தது. அதன் விளைவாகவே 1933-இல் இந்திய மெடிகல் கவுன்சில் சட்டம் பிறந்தது. நம் ஜனங்களின் உயிரை யாரிடம் ஒப்படைப்பதென்று நாமே நிர்ணயிக்கும் உரிமை அப்படிப் போராடிப் பெற்றது. ஸ்ரீரங்கத்தில் பிறந்த டாக்டர் தி. சே. சௌ. ராஜன் ராயபுரத்தில் வைத்தியம் கற்று, ரங்கூனில் உத்தியோகம் பார்த்து, பின்னர் லண்டன் சென்று அங்கத்திய பரீட்சையிலும் தேறினார். வரகனேரி வ. வே. சு. ஐயருடன் இந்தியா ஹவுஸில் பழகிய நாட்களும் அவையே. 1930-இல் வேதாரணிய உப்பு யாத்திரை அவருடைய திருச்சி இல்லத்திலிருந்தே புறப்பட்டது. 1937-இல் அவரே சென்னை மாகாணத்து சுகாதார மந்திரியானார். அந்நியர் பரீட்சையை அவர் எழுதித் தேறினார். நம்மவர் பரீட்சைக்கு நம் பிள்ளைகள் அஞ்சுவானேன்?

நிற்க. அச்சத்துக்குக் காரணமில்லாமலில்லை. அண்மை வருஷங்களில் எழுதுவோரில் நாலில் ஒருவர், சில தடவை ஐவரில் ஒருவரே தேறுகிறார். இத்தனைக்கும் கேட்பது பாதி மார்க்குத்தான்! மொத்தம் 300 வினா. 150 சரியானால் போதும். இரண்டு பகுதி, ஒவ்வொன்றிலும் 150 வினா, 150 நிமிஷம். தவறான விடைக்கு மார்க்குக் கழிப்பதில்லை. ஆகவே ஒரு வினாவையும் விடையின்றி விடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். தங்கப் பதக்கமும் முதல் வகுப்பும் இதில் கிடையா. தேறினவர், தேறாதவர் என்ற இரண்டே ஜாதி.

தோற்றவர்கள் பலரை விசாரித்துப் பார்த்தோம். சோம்பலைவிட, கணக்குப் பாராமையே அவர்களிடம் மிகுதியாகக் கண்டோம். உடற்கூறு நூலின் முதற் பக்கத்தில் தொடங்கி இரண்டு மாதம் எலும்பையும் நரம்பையும் மனனம் செய்கிறார்கள். அந்தச் சமுத்திரத்துக்கு 17 மார்க்குத்தான். கண் வைத்தியம் 15, காது மூக்குத் தொண்டை 15. இரண்டும் மெல்லிய புஸ்தகங்கள். இரண்டும் சேர்ந்தால் பிரசவமும் ஸ்திரீ ரோகமும் சேர்ந்த தடித்த நூலுக்குச் சமமான 30. பொது வைத்தியம் 33, ரண சிகிச்சை 32, பொதுஜன சுகாதாரம் 30, குழந்தை வைத்தியம் 15. மருந்தியல், கிருமியியல், நோய்க்கூறு ஒவ்வொன்றும் 13. மனோ வியாதி, சரும வியாதி, எலும்பு முறிவு, மயக்க மருந்து ஒவ்வொன்றுக்கும் 5.

ஆறு மாத அவகாசமுள்ளவர் 26 வாரத்தில் கடைசி 6 வாரத்தை மீள்பார்வைக்கு ஒதுக்கிவிடட்டும். எஞ்சிய 140 நாளை 300 மார்க்குக்குப் பங்கிட்டால் மார்க்குக்கு ஏறக்குறைய அரை நாள். கண்ணுக்கு ஒரு வாரம், பிரசவத்துக்கு இரண்டு வாரம், உடற்கூறுக்கு எட்டே நாள்! எட்டாம் நாள் இரவு புஸ்தகம் முடியாவிட்டாலும் மூடிவிட வேண்டும். இதுதான் கடினம். வாரத்தில் ஒரு நாள், கடிகாரத்தை எதிரே வைத்து, 150 வினாவுக்கு ஒரே அமர்வில் விடையெழுத வேண்டும். பிழைத்தவற்றைத் தனி நோட்டில் குறித்து வந்தால் அந்த நோட்டே கடைசி ஆறு வாரத்துப் பாடப் புஸ்தகமாகும்.

பொதுஜன சுகாதாரத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இந்த 30 மார்க்கை எந்த அந்நிய சர்வகலாசாலையும் கற்றுத் தராது. பிறந்த குழந்தைக்கு பி.ஸி.ஜி., பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் என்னென்ன ஊசி, க்ஷயரோகிக்கு முதல் 2 மாதம் எத்தனை மருந்து, அடுத்த 4 மாதம் எத்தனை, ஆஸ்பத்திரிக் கழிவில் மஞ்சள் பையில் போட வேண்டியது எது — இவையெல்லாம் நம் தேசத்து ஏற்பாடுகள். ஊசி போடும் நாளில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரையும் தாய்மார் கையிலுள்ள அட்டையையும் ஒரு மணி நேரம் கவனித்தால் பத்து மார்க்கு மறவாது.

பயிற்சிக் கூடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசல் வினாத்தாளை போர்டார் வெளியிடுவதில்லை. 'சென்ற தடவை வந்த வினாக்கள்' என்று விலைக்கு வருபவை எழுதினவரின் ஞாபகச் சரக்கு. அவற்றைப் பழக்கத்துக்குக் கொள்ளலாம், பிரமாணமாகக் கொள்ளலாகாது. மூன்று கூடங்களின் குறிப்பை வாங்கி ஒன்றையும் முடிக்காதவரைவிட, ஒன்றையே மூன்று முறை வாசித்தவர் தேறுவது நிச்சயம் என்று சொல்வோம். அறையில் தனியே அடைபட்டு மனம் ஒடிபவர்கள் மாவட்ட மைய நூலகத்தில் நால்வராகக் கூடி வாசிக்கலாம். ஒருவர் வினவ மற்றவர் விடை கூறுவது நம் வேத பாடசாலைகள் கண்ட வழிதான்.

இன்னொன்று. தேறாதிருக்கையிலேயே தனியார் ஆஸ்பத்திரிகளில் சொற்பச் சம்பளத்துக்கு இராக்காவலாக நோயாளிகளைப் பார்க்கும் வழக்கம் எங்கும் காதில் விழுகிறது. வக்கீல் என்ற முறையிலும் எச்சரிக்கிறோம்: பதிவின்றி வைத்தியம் செய்தால் 2019-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறைவாசமோ, 5 லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வேலைக்கு வைத்துக்கொண்ட முதலாளி அன்று சாட்சிக் கூண்டில் என்ன சொல்வாரென்று ஊகிப்பது கஷ்டமன்று. அந்த இரவுகள் வாசிப்புக்குரியவை. பெற்றோரும் 'எப்போது ஆஸ்பத்திரி வைப்பாய்?' என்ற கேள்வியை அடுத்த பரீட்சை முடியும்வரை ஒத்தி வைப்பார்களாக.