செயின்சா பாதியில் நின்றால்...

ரப்பர் போய் செம்பனை வந்த கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் செயின்சா நமக்குப் பழகிய கருவிதான். ஆனால், பாதி அறுப்பில் நின்றால் "கார்புரேட்டர் போச்சு!" என்று பட்டறைக்கு ஓடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள், தோழர்களே! பல நேரம் கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான்.

முதலில் பெட்ரோலைப் பாருங்கள். கலந்து ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது ஆகாது. மெஷின் புத்தகம் 50க்கு 1 என்றால், 5 லிட்டருக்கு 100 மில்லி டூ-ஸ்ட்ரோக் எண்ணெய். எஞ்சினுக்குள் வேறு எண்ணெய் கிடையாது. இதில் மிச்சம் பிடித்தால் பிஸ்டன் இறுகிவிடும். பல நாள் கூலி போய்விடும்.

அடுத்து, டாங்கிக்குள் குழாய் நுனியில் உள்ள பில்டர். கம்பிக் கொக்கியால் வெளியே இழுங்கள், கறுத்திருந்தால் மாற்றுங்கள். குழாயில் வெடிப்பு உண்டா? மூடியைத் திறக்கையில் காற்று உள்ளே இழுபட்டால், காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

இவை சரியாக இருந்தும் நின்றால், கார்புரேட்டருக்குள் ரப்பர் சவ்வு விறைத்திருக்கலாம். அப்போது பட்டறைக்குப் போங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மெஷின் சூடு ஆறாமல் பெட்ரோல் ஊற்றக் கூடாது. பக்கத்தில் சிகரெட்டும் கூடாது. ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போய்க் கிளப்புங்கள். மெஷினை மாற்றிக்கொள்ளலாம், வெந்த உடம்பை மாற்ற முடியுமா?