வியாபாரியும் வகுப்பெடுக்கலாம்

"கல்லூரியில் போய்ப் பாடம் நடத்த எனக்கென்ன படிப்பு இருக்கிறது?" வெளிவாரிப் போதனாசிரியராக வாரத்தில் இரண்டு மணித்தியாலம் வரமுடியுமா என்று கேட்டால், எமது வியாபாரிகள் பலரும் சொல்லும் பதில் இதுதான். சிலாவத்துறையில் கடை வைத்திருக்கும் நான், மன்னார்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வாழ்க்கைத் திறன் வகுப்பைப் பகுதிநேரமாக நடத்தி வருகிறேன். அதில் கண்ட சிலவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வாழ்க்கைத் திறன் என்றால் என்ன? 1990களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம் பத்துத் திறன்களை வரிசைப்படுத்தியது. தீர்மானம் எடுத்தல், பிரச்சினை தீர்த்தல், ஆக்கச் சிந்தனை, ஆராய்ந்து பார்க்கும் சிந்தனை, தெளிவாகப் பேசுதல், பிறருடன் பழகுதல், தன்னை அறிதல், பிறர் நிலையை உணர்தல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் என்பனவே அவை. கடன் கேட்டு வருபவரின் மனம் நோகாமல் "இல்லை" என்று சொல்வது இவற்றில் எது? சரக்குத் தேங்கிய மாதத்தில் வீட்டாரிடம் எரிந்து விழாமல் இருப்பது எது? நாம் அன்றாடம் செய்வதற்குத்தான் புத்தகத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பட்டம் இல்லையே என்ற தயக்கமும் தேவையில்லை. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்களை, உயர்பட்டம் இல்லாவிட்டாலும், பேராசிரியர் தரத்தில் அமர்த்தலாம். அனுபவமும் ஒரு தகைமையே என்பது இப்போது ஏற்கப்பட்ட விடயம்.

எப்படிக் கற்பிப்பது? "நான் அப்படி உழைத்தேன், இப்படி முன்னேறினேன்" என்று சொந்தக் கதை சொன்னால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். கணக்கொன்றைக் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் கடலே நல்ல பாடம். 1903 முதல் சில ஆண்டுகள் இக்கரையில் முத்துக்குளிப்பு அமோகமாக நடந்தது. அதைப் பார்த்து 1906இல் இங்கிலாந்துக் கம்பனி ஒன்று முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907இன் பின்னர் சிப்பி கிடைக்கவில்லை. கம்பனியும் கலைக்கப்பட்டது. "மூன்று நல்ல வருடங்களைப் பார்த்து இருபது வருடத்துக்குக் கையெழுத்து வைக்கலாமா?" என்று கேட்டேன். சம்மாட்டி வீட்டுப் பிள்ளை ஒரு பக்கம், கமக்காரர் வீட்டுப் பிள்ளை மறுபக்கம் என்று வகுப்பே விவாதத்தில் இறங்கியது.

அடுத்த வாரம் தவணைத் தாள். ஒரு இலட்சம் ரூபாவுக்கு வருடம் 20 வீத நிலையான வட்டி, 24 மாதம். மொத்தம் 1,40,000, மாதம் ஏறத்தாழ 5,833 ரூபா. "இருபது வீதம்தானே" என்றார்கள். ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருகிறதல்லவா? எஞ்சிய முதலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால் உண்மையான வீதம் வருடத்துக்கு 34ஐத் தாண்டுகிறது. வட்டியே வேண்டாம் என்று இருப்பவருக்கும், அது தாளில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். முச்சக்கர வண்டிக்கோ கைத்தொலைபேசிக்கோ கையெழுத்து வைக்குமுன் இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை, வாழ்நாளில் எத்தனை இலட்சம் மிச்சம் பிடிக்கும்!

இதில் எமக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையும் வள்ளமும் மட்டும் போகவில்லை. வாப்பாவின் அருகில் நின்று நிறை பார்க்கவும், ஆள் அறியவும், வாக்குக் காப்பாற்றவும் பழகும் வழக்கமும் அறுந்தது. புத்தளத்து முகாம்களில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு நிற்கக் கடையே இருக்கவில்லை. 2009இன் பின் திரும்பி வந்தோம், கட்டடத்தைக் கட்டினோம். அறுந்த பழக்கத்தை யார் கட்டுவது? அதை வகுப்பறையில் கொடுக்கலாம். அங்கே கத்தோலிக்கப் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் பக்கத்தில் இருப்பது கூடுதல் நன்மை. நாளை ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்யப் போகிறவர்கள் அவர்கள்.

வருமானம்? மணித்தியாலக் கொடுப்பனவில் பெற்றோல் செலவும் கடையில் நிற்பவரின் கூலியும் போனால் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஆனால் விடுமுறையில் என் கடைக்குக் கணக்கெழுத வந்த மாணவி ஒருத்தி, சரக்கு வாரியாக இலாபத்தைப் பிரித்து, "சேர், அதிகம் விற்கும் சாமானில்தான் உங்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது" என்று காட்டினாள். இந்த ஆலோசனைக்கு வெளியே எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும்?

விரும்புவோர் மூன்றைக் கவனிக்கவும். மணித்தியாலம், கொடுப்பனவு, பணம் கிடைக்கும் திகதி ஆகியவற்றை எழுத்தில் பெற்றே தொடங்குங்கள். கடையில் வியாபாரம் குறைந்த நேரத்தையே வகுப்புக்குக் கேளுங்கள். வகுப்பில் உங்கள் சாமானை விற்காதீர்கள். பிள்ளைகளின் நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்பாது.

கடைக்கு வேலை தெரிந்த பிள்ளைகள் கிடைப்பதில்லை என்று நாம் எல்லோரும் குறைப்படுகிறோம். வாரத்தில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தால், அந்தக் குறையின் ஒரு பகுதியை நாமே தீர்க்கலாம். உங்கள் ஊர்க் கல்லூரி அதிபரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.