பளுப்பயிற்சிக் கூடமும் ஆடுகளமும்: சப்பிரகமுவத் தோட்டப்புறத்தை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

பலாங்கொடை என்னும் பெயரைத் தொல்லியல் பயின்றோர் மனித எலும்புகளோடு சேர்த்தே அறிவர். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பி. ஈ. பி. தெரணியகல பெல்லன்பண்டிபலஸ்ஸவில் அகழ்ந்தெடுத்த எலும்புக்கூடுகள், 'பலாங்கொடை மனிதன்' என வழங்கும் வரலாற்றுக்கு முற்பட்ட மாந்தரைப் பற்றிய நமது அறிவுக்குப் பெரிதும் துணைபுரிந்தன. அம்மாந்தருள் ஆடவரின் சராசரி உயரம் ஏறத்தாழ 174 சென்ரிமீற்றர் எனக் கணித்துள்ளனர். அவர்கள் கட்டுறுதி மிக்க உடலினர் என்றும் கூறுவர். ஓர் எலும்பைக் கொண்டு அதற்குரியவரின் உடல் வலிமையை எவ்வாறு உணர்கின்றனர்? தசை பற்றியிருந்த இடம் இழுவிசைக்கேற்பத் தடித்திருப்பதே அதற்குரிய சான்றாகும். உடல் எத்தொழிலை இடைவிடாது செய்கின்றதோ அத்தொழிலுக்கேற்பவே அது உருப்பெறும். இவ்வுண்மை நாம் ஈண்டு ஆராயப் புகும் வினாவுக்கும் அடிப்படையாகும்.

அவ்வினா இது: பளுப்பயிற்சிக் கூடத்தில் ஈட்டிய வலிமை ஆடுகளத்தில் வெற்றியாக மாறுமா? பலாங்கொடைக்கு அண்மையில், பெலிகுல்ஓயாவில் 1996ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும் ஒரு தனித்துறையாகவே பயிற்றப்படுகின்றன. ஆகவே இவ்வினா இப்பிரதேசத்துக்குப் புறம்பானதன்று. மேலும், நாட்டின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கூடுதலான பளுவைத் தூக்குபவனே சிறந்த ஆட்டக்காரன் என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அவ்வெண்ணம் அணித்தெரிவிலும் புகுமாயின் முதலில் விலக்கப்படுபவர் சிறிய உடலினரான தோட்டப்புற மாணவரேயாவர்.

இவ்வினாவை மிகப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த களம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டமாகும். பெயர் உதைபந்தாட்டமாயினும் பந்தைக் காலால் உதைப்பது அங்கே அரிது. நம் நாட்டு றக்பியின் உறவுமுறையான அவ்வாட்டத்தில் பந்தைக் கையிலேந்தி ஓடுதலும், எறிதலும், எதிராளியை மோதி வீழ்த்துதலுமே முதன்மையானவை. 1960களின் இறுதிவரை அங்கிருந்த பயிற்றுநருட் பலர் பளுதூக்குதலை அஞ்சினர். தசை தடித்தால் ஆட்டக்காரன் மந்தமாவான் என நம்பினர். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தில், கோலூன்றிப் பாயும் வீரராக இருந்து காயமுற்ற போய்ட் எப்லி என்பவர் தாமாகவே பளுப்பயிற்சி செய்துவந்தார். காயமுற்ற உதைபந்தாட்டக்காரர் சிலர் அவரைப் பின்பற்றி, முன்னிலும் வலுவுற்றுக் களத்துக்குத் திரும்பினர். 1969இல் தலைமைப் பயிற்றுநர் பொப் டெவனி, எவனேனும் ஒருவன் வேகங்குன்றினாலும் வேலை போய்விடும் என்ற எச்சரிக்கையோடு எப்லியை வலிமைப் பயிற்றுநராக நியமித்தார். 1970, 1971 ஆகிய இரு பருவங்களிலும் நெப்ராஸ்கா தேசிய வாகை சூடியது. அதன்பின் நாடெங்கும் பளுப்பயிற்சிக் கூடங்கள் எழுந்தன. 1978இல் வலிமைப் பயிற்றுநருக்கென ஒரு சங்கமும் எப்லியின் முயற்சியால் தோன்றியது.

இரும்புத் தட்டுகள் வாகையைக் கொணர்ந்தன என்று இதனைச் சுருக்கிக் கூறுதல் எளிது. ஆனால் அதே 1969இல் நெப்ராஸ்கா அணியின் தாக்குதல் முறையும் துணைப் பயிற்றுநர் ரொம் ஒஸ்போனால் மாற்றியமைக்கப்பட்டது. இரு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தவிடத்து வெற்றியை ஒன்றுக்கு மட்டும் உரிமையாக்குதல் ஆய்வுநெறியாகாது. இத்தகைய மயக்கம் புள்ளிவிவர ஆய்வுகளிலும் உண்டு. மேல்நிலைப் பிரிவுகளில் ஆடும் பல்கலைக்கழக அணியினர் கீழ்நிலைப் பிரிவினரைவிடக் கூடுதலான பளுவைத் தூக்குகின்றனர் என 1991இல் ஃபிறை, கிறேமர் ஆகியோர் காட்டினர். எனினும் மேல்நிலைப் பல்கலைக்கழகங்கள் வலியோரையே தேடிப் புலமைப்பரிசில் கொடுத்து அழைக்கின்றன என்பதையும் உடன்வைத்தே இதனை நோக்குதல் வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து தொழில்முறை அணிகளுக்குச் செல்வோரின் உடற்றகுதியை அளக்க ஆண்டுதோறும் ஒரு பெருந்தேர்வு நடைபெறுகின்றது. வாங்கில் மல்லாந்து கிடந்து 225 இறாத்தல் பளுவை எத்தனை முறை மேலே தள்ளமுடியும் என்பது அதில் ஒரு சோதனை. எறிபவர், பந்தோடு ஓடுபவர், பந்தைப் பிடிப்பவர் ஆகிய மூவகை ஆட்டக்காரரையும் கொண்டு 2008இல் குஸ்மிற்ஸ், அடம்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, இத்தேர்வின் பெறுபேறுகளுக்கும் பின்னைய ஆட்டத்திறனுக்கும் இடையே நிலையான தொடர்பு எதனையும் காணவில்லை. பந்தோடு ஓடுபவரின் ஓட்டவேகம் ஒன்றே விதிவிலக்கு.

அவ்வாறாயின் வலிமை பயனற்றதோ? அன்று. நோர்வேயின் முதன்மை உதைபந்தாட்ட வீரர்களைச் சோதித்த விஸ்லொஃப் குழுவினர், தோளிற் பளுவைத் தாங்கிக் குந்தி எழும் வலிமை மிக்கோரே பத்து மீற்றர் ஓட்டத்திலும் உயரம் பாய்தலிலும் முந்துகின்றனர் என 2004இல் எழுதினர். மல்லாந்து தள்ளும் வலிமையினும் குந்தி எழும் வலிமை ஓட்டத்துக்கு நெருக்கமானது. நிலத்தை உந்துவது காலேயன்றித் தோளன்று.

இங்குக் காலம் என்னும் காரணியைச் சற்று விரித்து நோக்குதல் தகும். ஒரு தசை தன் முழுவிசையையும் வெளிப்படுத்தச் செக்கனின் பத்தில் மூன்று பங்கோ அதற்கு மேலோ வேண்டும். முழுவேகத்தில் ஓடுபவனின் பாதம் நிலத்தைத் தொட்டிருப்பதோ செக்கனின் பத்திலொரு பங்களவே. கூடத்தில் 150 கிலோவை மெல்ல உயர்த்துபவன் அவ்விசையின் ஒரு பகுதியையே ஓட்டத்திற் செலவிடமுடியும். எஞ்சியது வெளிப்படுமுன் பாதம் மேலெழுந்துவிடும். தசை சுருங்கும் வேகம் கூடக்கூட அது தரும் விசை குறையும் என்பதை ஏ. வீ. ஹில் 1938இலேயே தவளைத் தசையைக் கொண்டு நிறுவியிருந்தார். எனவே களத்தில் வேண்டப்படுவது விசையின் உச்சம் மட்டுமன்று, அது எழும் விரைவுமாகும். நலிந்தவனுக்கு எவ்வகைப் பளுப்பயிற்சியும் ஓட்டத்தை மேம்படுத்தும். ஏற்கெனவே வலியவனுக்கு மேலும் இருபது கிலோ தூக்குவதால் வரும் ஆதாயம் சொற்பமே. றக்பியில் எண்மர் எண்மராகத் தோள்கோத்து முட்டித் தள்ளும் முன்வரிசையாருக்கு உடற்பாரமும் உச்சவலிமையும் நேரடியாகவே உதவும். பந்தைப் பெற்று ஓடும் பின்வரிசையாருக்கு அவ்வளவில் உதவா.

சிறிய உடல் வலுக்குன்றியது என்னும் முடிவும் பௌதிகத்துக்கு ஒவ்வாது. தசையின் விசை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் பாரமோ கனவளவைப் பொறுத்தது. உருவம் சிறுக்கும்போது கனவளவு பரப்பைக் காட்டிலும் விரைந்து குறையுமாதலால், ஒவ்வொரு கிலோ பாரத்துக்கும் உரிய வலிமை சிறியவனிடமே மிகும். 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் துருக்கியின் நயிம் சுலைமானோக்லு 190 கிலோவைத் தலைக்குமேல் உயர்த்தியமை இதற்குச் சான்று.

இனித் தோட்டப்புறத்தை நோக்குவாம். பெட்டியாகலை, இராசகலை போன்ற பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களின் இளைஞர் மலையேறி இறங்கிப் பழகியவராதலால் இயல்பாகவே வலியர் எனக் கூறுவாருளர். நம் முற்போக்கு எழுத்தாளர் சிலரும் உழைக்கும் உடலைப் போற்றும் ஆர்வத்தில் இக்கூற்றுக்கு இடங்கொடுத்தனர். கொழுந்து பறித்தலை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து கேட்கப்படும் தோட்டங்களில் அத்தொகை பலமுறை நிறுக்கப்பட்டே சேர்கின்றது. எந்த ஒரு கணத்திலும் முதுகிலுள்ள கூடையின் பாரம் அதனினும் குறைவு. விரலசைவோ ஆயிரக்கணக்கானது. இது நெடுநேரந் தாங்கும் ஆற்றலை வளர்க்கும்; உச்சவிசையையோ அது எழும் விரைவையோ வளர்ப்பதன்று. கவ்வாத்துக் கத்தி வீசுதலும் றப்பர் பால்வெட்டும் இவ்வாறே தத்தமக்குரிய தசைகளை மட்டும் பழக்குகின்றன. பலாங்கொடை மனிதனின் எலும்பு கூறும் செய்தியே இங்கும் பொருந்துகின்றது. அன்றியும், கூடை சுமப்பவர் பெரும்பாலும் பெண்களே. அவர்களின் மாலைப்பொழுது விளையாட்டுக்கு உரியதாக இருந்ததில்லை.

பயிற்சியின் பயனைத் தீர்மானிப்பது இறுதியில் உணவாகும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தமையைக் காட்டியது. தோட்டத்துறையில் அது 31.7 வீதம். இதனை இனத்தின் இயல்பு என்று கொள்வோர், கூலியையும் லயக் காம்பிராவையும் தாயின் உணவையும் மறந்தே அவ்வாறு கொள்கின்றனர். பளுப்பயிற்சியால் தசை வளரவேண்டுமாயின் உடற்பாரத்தின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதுமானது என்பது 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின் முடிவு. 55 கிலோ பாரமுள்ள இளைஞனுக்கு அது 88 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும் 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 10 கிராமுமே உண்டு. ரொட்டியும் சம்பலும் உண்டு இரும்பு தூக்குபவன் களைப்பையே பெரிதும் ஈட்டுவான். பல்கலைக்கழகத்து உணவுச்சாலையின் விலைப்பட்டியலும் ஆகவே உடற்பயிற்சி விஞ்ஞானத்தின் ஒரு பகுதியே.

நலிந்தவனுக்கே பளுப்பயிற்சி மிகுதியும் பயன்தரும் என மேலே கூறினோம். அவ்வாறாயின் கூடங்கள் முதலில் எழவேண்டிய இடம் தோட்டப் பாடசாலைகளே. விலைமிக்க பொறிகள் தேவையில்லை; மணல் நிரப்பிய சாக்கும் ஓர் இரும்புத்தண்டும் தொடக்கத்துக்குப் போதும். வாரத்தில் இரண்டு நாட்பயிற்சியே முதல் மாதங்களில் வலிமையைக் கூட்டும். தசை தடிக்குமுன் நரம்புகளே அதனைச் செவ்வனே ஏவக் கற்றுக்கொள்கின்றன என்பதை மொரிட்டானி, டீவிறீஸ் ஆகியோர் 1979இல் காட்டியுள்ளனர். அணித்தெரிவிலும் மல்லாந்து தள்ளிய பளுவைக் குறித்துக்கொள்வதற்குப் பதிலாகப் பத்து மீற்றர் ஓட்டத்தையும் நின்ற நிலையிற் பாயும் உயரத்தையும் அளப்பின், சிறிய உடலினருக்கும் நியாயம் கிட்டும்.

ஆயினும் கற்ற வலிமையை ஆட்டமாக மாற்ற ஆடுமிடம் வேண்டும். விளையாட்டில் தேசிய நிலையிற் சிறந்தோருக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனியிடம் உண்டு. அந்நிலையை எய்துவதற்குப் பிள்ளைப்பருவம் முதல் ஒரு மைதானம் அவசியம். மலைச்சரிவில் அமைந்த தோட்டங்களில் சமநிலம் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் போக, எஞ்சுவது பெரும்பாலும் பிரட்டுக்களமே. கரப்பந்தாட்டக் களத்துக்கு வேண்டியது 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமுமாதலின், சிறிய பிரட்டுக்களத்திலும் வலைகட்டி ஆடமுடிகின்றது. றக்பிக்கு வேண்டுவது 100 மீற்றர் நீளமும் ஏறத்தாழ 70 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை.