தோற்ற மறுவாரம்

1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37ஐ தி.மு.க. – இந்திரா காங்கிரஸ் கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியவை கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும்தான். அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். ஆட்சியை மத்திய அரசு கலைத்தது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அ.தி.மு.க. 129 இடங்களைப் பிடித்தது, எம்.ஜி.ஆர். மறுபடியும் முதல்வரானார்.

இடையில் இருந்தது சில மாதங்கள். அதற்குள் என்ன நடந்தது என்பதைத் தோற்ற கட்சிக்காரர்கள் யாராக இருந்தாலும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

1979இல் எம்.ஜி.ஆர். அரசு ஓர் ஆணை போட்டிருந்தது. ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு கிடையாது. மாதக் கணக்கில் பார்த்தால் 750 ரூபாய். பண்ணையாரையும் மில் முதலாளியையும் மட்டும் தடுக்கிற வரம்பல்ல அது. கணவனும் மனைவியும் சம்பளம் வாங்கும் ஒரு சாதாரண வீடுகூட அதில் மாட்டிக்கொள்ளும். தலைமுறையில் முதல்முறையாகக் கல்லூரி வாசலை மிதிக்க இருந்த பிள்ளையின் விண்ணப்பத்தோடு வருமானச் சான்றிதழும் போக வேண்டும் என்றானது. ஏழைகளுக்கு நன்மை செய்யத்தான் இந்த வரம்பு என்றது அரசு. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் கடுமையாக எதிர்த்தன.

ஜனவரித் தோல்விக்கு நாடு முழுக்க வீசிய இந்திரா அலையைக் காரணம் சொல்லிவிட்டு எம்.ஜி.ஆர். சும்மா இருந்திருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஜனதாவின் அடிதடியால் சலித்துப்போன நாடு அது. ஆனால் அவர் வருமான வரம்பை ரத்து செய்தார். அதோடு நிற்காமல் 31 சதவீதமாக இருந்த பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 50 ஆக உயர்த்தினார். எதிர்த்தவர்கள் கேட்டது முதலாவதை, கிடைத்தது இரண்டும். இன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் 69 சதவீதத்துக்குள் அந்த 50 அப்படியே இருக்கிறது.

எதிரணியும் தன் பங்குக்கு உதவியது. தி.மு.க.வும் காங்கிரசும் சட்டமன்றத் தொகுதிகளை ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆட்சி யாருடையது, அதிகாரம் யார் கையில் என்ற சந்தேகம் வாக்காளருக்கு வராமல் இருக்குமா? கலைக்கப்பட்ட ஆட்சி என்ற அனுதாபமும் சேர்ந்துகொண்டது. ஆகவே வரம்பை எடுத்ததால்தான் வென்றார் என்று அடித்துச் சொல்ல முடியாது. எடுக்காமல் போயிருந்தால் அனுதாபம் எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்பதே கேள்வி.

2004இல் ஜெயலலிதா இதே பாதையில் போனார். அந்த முறை அ.தி.மு.க.வுக்கு ஒரு மக்களவைத் தொகுதிகூடத் தேறவில்லை. மே 13 அன்று முடிவுகள்; மே 18 அன்று அறிவிப்பு. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வாபஸ். விவசாயிகளுக்கு மறுபடியும் இலவச மின்சாரம். 2003 வேலைநிறுத்தத்தில் பங்கேற்ற அரசு ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் ரத்து. பத்திரிகைகள் மீதான வழக்குகளும் கைவிடப்பட்டன. ரேஷன் அட்டையில் குத்தப்பட்ட ‘எச்’ முத்திரையும் போயிற்று. அந்த முத்திரை விழுந்த அட்டைக்கு ரேஷன் கடையில் அரிசி கிடையாது. பின்னால் வரிசையில் அக்கம்பக்கத்தார் நிற்க, வெறும் பையோடு திரும்பிய குடும்பங்களுக்கு அது ஒரு சலுகை பறிபோனது மட்டுமல்ல, அவமானமும்கூட.

‘நான் செய்தது தவறு’ என்று அவர் எங்கும் உருகவில்லை. அந்தப் பட்டியலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கோபப்பட்டவர்கள் யார் யார் என்று ஆட்சிக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான்.

அது போதுமானதாக இல்லை. 2006இல் அ.தி.மு.க. ஆட்சியை இழந்தது. தி.மு.க.வின் பெரிய கூட்டணியும், 2 ரூபாய் அரிசி, இலவச வண்ணத் தொலைக்காட்சி வாக்குறுதிகளும் வென்றன. ஆனாலும் ஈராண்டுக்கு முன் துடைத்தெறியப்பட்ட கட்சி 61 இடங்களோடு நின்றது. 96 பெற்ற தி.மு.க. பெரும்பான்மை இல்லாமல் கூட்டணிக் கட்சிகளின் ஆதரவில் ஆட்சி நடத்த வேண்டியிருந்தது.

வழக்கமாக நடப்பது வேறு. முதல் நாள், ‘மக்கள் தீர்ப்பைத் தலைவணங்கி ஏற்கிறோம்’ என்று அறிக்கை. இரண்டாம் நாள் பணநாயகம், மூன்றாம் நாள் வாக்குப்பதிவு இயந்திரம். 2001 முதல் தமிழ்நாட்டின் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரம்தான். ஜெயித்த கட்சி எதுவும் அதன் மீது சந்தேகப்பட்டதாக வரலாறு இல்லை. பிறகு இரண்டு மாவட்டச் செயலாளர்களின் பதவி போகும். அல்லது ஆய்வுக் குழு அமைக்கப்படும். 2014இல் 44 இடங்களுக்குச் சுருங்கிய காங்கிரஸ், ஏ.கே. அந்தோணி தலைமையில் குழு போட்டது. குழுவும் அறிக்கை கொடுத்தது. கட்சி அதை வெளியிடவில்லை. 2019இல் கிடைத்தவை 52.

தோல்வியில் கோபத்தைப் போலவே கணக்கும் உண்டு. 1962இல் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். 1957இல் ஜெயித்த 15 தி.மு.க. உறுப்பினர்களில், தஞ்சாவூருக்கு மாறிப் போட்டியிட்ட கருணாநிதி ஒருவரே அந்த முறை தப்பினார். கட்சிக்கோ 50 இடங்கள் கிடைத்திருந்தன. தலைவர் வீழ்ந்தும் கட்சி வளர்ந்த விசித்திரமான தேர்தல். அண்ணா மாநிலங்களவைக்குப் போனார். 1963இல் திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். பிரிவினை பேசும் கட்சிகள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டம் திருத்தப்பட்ட நேரம் அது. கொள்கையா, கட்சியா என்ற இடத்தில் கட்சியைத் தேர்ந்தெடுத்தார். எதிர்ப்பு வாக்குகள் சிதறாமலிருக்க, பொருளாதாரக் கொள்கையில் எதிரெதிர்த் துருவங்களான ராஜாஜியின் சுதந்திராக் கட்சியையும் மார்க்சிஸ்ட் கட்சியையும் ஒரே அணியில் கொண்டுவந்தார். 1967இல் காங்கிரஸ் தனியாகப் பெற்ற வாக்கு 41 சதவீதத்தை ஒட்டியது, தி.மு.க.வைவிட ஒரு நூல் அதிகம். ஆட்சி அண்ணாவுக்கு வந்தது.

காங்கிரஸ் முன்கூட்டியே விழித்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1963இல் வடக்கே சில மக்களவை இடைத்தேர்தல்களில் அடி விழுந்ததும் ‘காமராஜர் திட்டம்’ வந்தது. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதே திட்டம். ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினார்கள். காமராஜரே முதல்வர் பதவியைத் துறந்தார். ஒரு தோல்விக்கு இவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்த பதிலை இந்திய அரசியல் அதற்குப் பின் பார்க்கவில்லை. இருந்தும் தமிழ்நாட்டில் ஆள் மாறினார்களே தவிர, கோபத்தின் காரணங்கள் கூடின. பக்தவத்சலம் ஆட்சியில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. 1965இல் இந்தி எதிர்ப்பு மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதவி விலகிய தலைவரின் தியாகம், கடையில் அரிசி கிடைக்காத பெண்ணுக்கும் மகனைப் பறிகொடுத்த வீட்டுக்கும் பதிலாகவில்லை.

1967இல் முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். காமராஜர் விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கில் தோற்றார். விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்று பக்தவத்சலம் சொன்னது காங்கிரசை நெடுநாள் துரத்தியது. வாக்குப் போட்டவர்களையே கிருமி என்றதாக அதை எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். காமராஜரோ தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, புதிய ஆட்சிக்குச் சில மாதம் அவகாசம் தர வேண்டும் என்றார். 1969 ஜனவரியில் நாகர்கோவில் மக்களவை இடைத்தேர்தலில் நின்று, ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அதே ஆண்டு கட்சி இரண்டாக உடைந்தது. 1971 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய ஸ்தாபன காங்கிரஸ் பெற்றவை 15 இடங்கள், தி.மு.க.வுக்கு 184.