டவர் ஃபுல், ஆனா நெட் ஸ்லோ: பூஸ்டர் வாங்கும் முன் இதைப் படிங்க

ஆபீஸ் மீட்டிங் நடுவே உங்கள் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. போனைப் பார்த்தால் எல்லாக் கோடும் நிறைந்திருக்கிறது. 5ஜி என்றும் காட்டுகிறது. பிறகு ஏன் இந்தத் திண்டாட்டம்?

கோடுகள் காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டும்தான். சிக்னலோடு எவ்வளவு இரைச்சல் கலந்திருக்கிறது, அதே டவரை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதும் வேகத்தைத் தீர்மானிக்கும். இதைச் சமாளிக்க நெட்வொர்க்குகள் நம்பும் வழிகளில் இரண்டு: பல ஆன்டெனாக்கள், ரிலே.

ஆன்டெனா கூடினால் என்ன லாபம்?

டவரிலிருந்து கிளம்பும் அலை சுவரில், பஸ்ஸில், எதிர் பில்டிங்கில் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் உங்களிடம் வருகிறது. ஒரு காலத்தில் இது வெறும் தொல்லை. ‘மைமோ’ நுட்பம் அதையே ஆதாயமாக்கியது. டவரில் 2, போனில் 2 ஆன்டெனா இருந்தால், ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இரண்டு டேட்டா ஓட்டங்களை அனுப்பலாம். இரண்டும் வெவ்வேறு விதமாகத் தெறித்து வருவதால், போனின் சிப் கணக்குப் போட்டுப் பிரித்துவிடும். சூழல் சாதகமாக இருந்தால், கூடுதல் ஸ்பெக்ட்ரம் இல்லாமலே வேகம் இரட்டிப்பாகும்.

இதற்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர், பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, பின்னர் ஸ்டான்ஃபோர்டு சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ். தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து இதற்கு அவர் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1994-ல் கிடைத்தது.

இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது இது இன்னும் பெரிதானது. 3.5 ஜிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 8.6 செ.மீ.தான். ஆன்டெனாக்களை நெருக்கி வைக்கலாம் என்பதால், 64 டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே பேனலில் அடங்குகின்றன. அவை சேர்ந்து சிக்னலை நாலாபக்கமும் இறைக்காமல் உங்கள் பக்கம் குவிக்கும்.

அப்போ ரிலே எதுக்கு?

கான்கிரீட் சுவர்களைத் தாண்டி சிக்னலே வராத அறையில் மைமோவால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அங்கே நடுவில் ஒரு ரிலே வேண்டும். ஒரு வகை, வந்ததைப் பெருக்கி அப்படியே அனுப்பும்; இரைச்சலும் சேர்ந்தே பெருகும். இன்னொரு வகை, தகவலைப் படித்துப் புரிந்துகொண்டு புதிதாக அனுப்பும். ஒரே அலைவரிசையில் மாறி மாறி வாங்கி அனுப்பினால், பாதி நேரம் அதற்கே போய்விடும். உங்கள் வீட்டு வைஃபை எக்ஸ்டெண்டரில் வேகம் குறைய முக்கியக் காரணம் இதுதான்.

பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம். மொபைல் சிக்னல் பூஸ்டரை அனுமதியின்றி வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். அது பெருக்கும் இரைச்சல் டவரையும் எட்டும். தூரத்து போன்களின் மெல்லிய சிக்னலைக் கேட்கக் காத்திருக்கும் டவருக்குக் காது அடைத்ததுபோல் ஆகிவிடும். உங்கள் அறையில் கோடு ஏறும்; பக்கத்துத் தெருவில் கால் கட்டாகும். அந்தக் கால் ஆம்புலன்ஸுக்கானதாகவும் இருக்கலாம்.

பதிலாக, வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போனில் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். எக்ஸ்டெண்டரை சிக்னல் இல்லாத அறையில் வைக்காமல், ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில் வையுங்கள். அபார்ட்மென்ட் முழுக்கப் பிரச்சினை என்றால், சங்கம் மூலம் ஆபரேட்டரிடம் புகார் கொடுங்கள். முறையான ரிலேவைத் திட்டமிட்டு வைக்க வேண்டியது அவர்கள்தான்.